தங்கையின் சூளைக்கு ஒரு மீட்டர்

மார்ச் 3
சூடு அளக்கும் மீட்டர் தேறிவிட்டது. சூட்டை உணரும் இரட்டை உலோகக் கம்பியான தெர்மோகப்பிளின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் 99.87 காட்டுகிறது. உள்ளே இருபத்து நான்கு பிட் ஏடிசி சில்லு. முனையில் பிறக்கும் இம்மியளவு மின்னழுத்தத்தையும் எண்ணாக்கிவிடும். இருபது வருடம் அடுத்தவன் செய்த மீட்டரையும் ஒயரையும் விற்றேன். இது என் சொந்தச் சரக்கு. முதலாவது தங்கையின் பீங்கான் சூளைக்கு.

மார்ச் 7
சூளை அறையில் மீட்டர் வெந்துவிடும் என்று அடுத்த அறைச் சுவரில் மாட்டினேன். ஒயர் எட்டடி குறைந்தது. கடையில் கிடந்த செம்பு ஒயரை முறுக்கி ஒட்டிவிட்டேன். ஒயர்தானே.

மார்ச் 9
நானூறு கோப்பை. அத்தனையும் குழைந்து, தட்டோடு ஒட்டி... மீட்டர் காட்டிய சூட்டில்தான் அணைத்தாளாம்.
"உன்ன நம்பி சூட்டுக் கூம்புகூட வைக்கலண்ணா."
வழக்கமாக அந்த மண்கூம்பு வளைவதைப் பார்த்துத்தான் அணைப்பாள்.
"நீ சரியா பாத்திருக்க மாட்ட" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் கோப்பை போகாவிட்டால் ஓட்டல் ஆர்டர் போச்சு. அது போனால் சூளையை மூட வேண்டியதுதான்.

மார்ச் 11
சாலிடர் வைத்த மெக்கானிக்கைக் காய்ச்சி எடுத்தேன். சில்லையும் மாற்றியாயிற்று.
"சில்லு என்ன பண்ணும் முதலாளி? நீங்க குடுக்கறதத்தான் எண்ணும்."
வாய்க்கொழுப்பு.

மார்ச் 12
மீட்டரை ஒயரோடு கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து மறுபடி கொதிநீர். பத்துத் தடவையும் சரி. சனியன்!

மார்ச் 14
காலிச் சூளையை ஏற்றிப் பார்த்தோம். ஒயரை நகர்த்தப் போனேன். ஒட்டுப்போட்ட இடம் விரலைச் சுட்டது. ஒட்டின் மேல் ஈரத்துணி சுற்றினேன். எண் மளமளவென்று முப்பது டிகிரி ஏறியது. சூளையை யாரும் தொடவேயில்லை!

அப்புறம்தான் உறைத்தது. தெர்மோகப்பிள் தன் இரண்டு முனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் சொல்லும். மறுமுனை தன்னிடம் இருப்பதாக நினைத்து, மீட்டர் தன் அறைச் சூட்டை மட்டும் கூட்டுகிறது. செம்பை ஒட்டி மறுமுனையைச் சூளையடியிலேயே நிறுத்தியவன் நான். அந்த இடத்து அனல் கணக்கில் விட்டுப்போய், மீட்டர் குறைத்தே காட்டியிருக்கிறது; அதை நம்பி அவள் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறாள். கடையில் ஒட்டுக்குப் பக்கத்தில் அனல் ஏது? அதனால்தான் கொதிநீரில் சரியாகக் காட்டியது.

"தப்பு என்னோடது. ஒயர்ல கஞ்சத்தனம் பண்ணிட்டேன்."
"ஊருக்கெல்லாம் ஒயர் வித்தவன்!" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 22
தெர்மோகப்பிளின் அதே உலோகத்தில் ஒயர் போட்டு, கூம்பும் வைத்துப் புதுக் கோப்பைகளைச் சுட்டோம். இன்று திறந்தாள். கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஓட்டலுக்கு வண்டியில் ஏற்றியாயிற்று.
நான் கிளம்பும்போது சொன்னாள்: "ரெண்டாவது சூளைக்கும் ஒண்ணு செஞ்சு குடு. ஒயர மட்டும் நான் வாங்கிக்கிறேன்."
சரி என்றேன்.