வெளியே போன பெயர்

ஜூன் 5, 2024

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் வரை சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஆபீசுக்கு இன்றும் தாமதம்.

சுகாதாரத் துறைக்குச் சட்ட அலுவலராக வந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கோர்ட்டில் நின்ற காலத்தில், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். நடக்கும் முன்னே தடுக்கலாம் என்றுதான் வக்கீல் தொழிலை விட்டு இங்கே வந்தேன். "கறுப்புக் கோட்டைக் கழட்டினா நீ வெறும் ஃபைல் தூக்கறவ மலரு" என்று கூடவே தொழில் பண்ணிய அனுசுயா அன்றைக்கே சொன்னாள். இன்று முழுக்க ஒரு போலி டாக்டருக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரிதானோ?

ஜூன் 12

ஒருத்தி வந்தாள். பிரவீணா, திருமானூர்ப் பக்கம். இரண்டு பெண் பிள்ளைகள், வயிற்றில் மூன்றாவது, ஐந்தாம் மாதம். மாமியார் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஆணா பெண்ணா என்று நேராகச் சொல்லவில்லை. "மகாலட்சுமி வர்றா" என்று மாமியாரைப் பார்த்துச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து 'கலைச்சுடு' என்று வீட்டில் ஓயாத பேச்சு. ஏற்கெனவே ஒருமுறை சண்டையில் செட்டிகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்தவள்.

"நான்தான் சொன்னேன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாதுங்க மேடம். தெரிஞ்சா வூட்டுல சேர்க்க மாட்டாங்க. புள்ளைங்க ரெண்டும் அங்கதான் இருக்குதுங்க."

"தெரியாதும்மா" என்றேன். வக்கீலாக இருந்தபோது எந்தக் கட்சிக்காரருக்கும் இப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

எங்கள் இணை இயக்குநர் டாக்டர் பஞ்சநாதனிடம் புகாரையும் பெயரையும் மட்டும் சொன்னேன். "அடுத்த வாரமே போயிடுவோம்மா. பேரு நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

அனுசுயா வீட்டில் மீன் குழம்பு. பெரம்பலூரில் ஒரே அறையில் எதிரெதிரே மேசை போட்டு அத்தனை வருஷம் தொழில் பண்ணினோம். என் மகள் பிறந்தபோது பிரசவ அறை வாசலில் நின்றவள் அவள்.

சாட்சி பயப்படுகிறாள், எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டேன். எந்த சென்டர், என்ன விஷயம் என்றாள். சொன்னேன். பெயர், ஊர், செட்டிகுளத்துக்குப் போய் வந்தது, எல்லாம்.

"எழுதி வாங்கிக்கடி. நாளைக்கு மாத்திப் பேசினா நீ மாட்டிக்குவ."

நல்ல யோசனை. மனசு லேசாகித் திரும்பினேன்.

ஜூன் 21

ரெய்டு. "வாங்க மேடம், ஏசில உக்காருங்க." உள்ளே எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. எங்களுக்காக டீகூடத் தயார். பதிவேட்டில் சில இடங்கள் நிரப்பாமல் கிடந்தன. அதை வைத்து மெஷினுக்கு சீல் வைத்தோம்.

சாயங்காலம் பிரவீணா போன்.

"நேத்தே வூட்டுக்கு சென்டர் ஆளு வந்துட்டாங்க மேடம். என் பேரைச் சொல்லியே கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னீங்களே..."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

யார்? ஆபீசில் பெயர் தெரிந்தது டாக்டருக்கும் எனக்கும்தான். அவரா? இத்தனை நல்ல மனுஷன் மாதிரி இருந்துட்டு!

ஜூன் 24

"டீ சொல்லட்டுமாம்மா?" என்றார் டாக்டர். ஃபைலை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். அவரும் மறுபடி கூப்பிடவில்லை.

அனுசுயாவுக்குப் போன் பண்ணி அழுதேன். டாக்டர்தான் காட்டிக்கொடுத்திருக்கணும் என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஆபீஸ்ல எவனையும் நம்பாதடி" என்றாள்.

ஜூலை 9

இன்று சென்டர் மேல் விசாரணை, டாக்டர் அறையில். சென்டர்காரர்களோடு வக்கீல் உள்ளே வந்தார்.

அனுசுயா.

என்னைப் பார்க்கவில்லை. பொய்ப் புகார், மாமியார் மருமகள் சண்டை என்று ஆரம்பித்தாள். "இதுக்கு முன்னாடியும் கோச்சுக்கிட்டு செட்டிகுளத்துக்குப் போன பொண்ணு சார்" என்றாள். செட்டிகுளம் டாக்டருக்கே தெரியாது. நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன் – அவள் கையால் சோறு தின்றுகொண்டே சொன்னேன்.

அப்புறம் பிரவீணாவைக் கூட்டி வந்தார்கள். பக்கத்தில் மாமியார். "ஸ்கேன்ல யாரும் எதுவும் சொல்லலைங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்." தலை நிமிரவே இல்லை.

வராந்தாவில் அனுசுயாவை மறித்தேன்.

"எப்ப எடுத்த கேஸ்டி இது?"

"அவங்க ரொம்ப நாளா என் கட்சிக்காரங்க மலரு."

"அப்ப அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே? வாயத் தொறக்காதன்னு ஒரு வார்த்தை..."

"நீ இப்ப கவர்மென்ட்டு. எனக்குத் தொழில் இருக்கு."

படியிறங்கிப் போய்விட்டாள். பாவி, எப்படிடி முடிஞ்சுது உனக்கு? அன்னைக்கு எனக்குப் பரிமாறும்போதே தெரியும்ல?

ஜூலை 10

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

"நானும் உன்னைத்தான் நெனச்சேம்மா" என்றார். பிறகு, "நான் நெனச்சது தப்பில்லைன்னு ஆச்சே" என்றார்.

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 2

சீல் பிரித்தாகிவிட்டது. பெயர் வெளியே போனதற்கு எனக்கு மெமோ.

நவம்பர் 4

வேறு வேலையாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவள், பிரசவ வார்டு வழியாக வந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் பிரவீணா. பக்கத்தில் துணிக்குள் சுருண்டு ஒரு சிவப்பு முகம். பெண் குழந்தை.

உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்ததும் கட்டிலருகே போய் நின்றேன்.

"அந்த வக்கீலம்மா வூட்டுக்கே வந்தாங்க மேடம்" என்றாள் மெதுவாக. "நான் மாத்திச் சொன்னா போதும்னாங்க. புள்ளை மேல கை வெச்சீங்கன்னா உங்க மேல நானே கேஸ் போடுவேன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டாங்க. அப்புறம் யாரும் கலைக்கச் சொல்லலை."

குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"நீங்க குடுத்த வாக்கு நிக்கலை மேடம். அவங்க சொன்னது நின்னுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக் காட்டவில்லை; நானும் கேட்கவில்லை.

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதை வைத்துப் பேரம் பேசி, கட்சிக்காரரையும் காப்பாற்றி, ஒரு உயிரையும் காப்பாற்றியிருக்கிறாள். அந்த சென்டரில் இன்றைக்கும் யாராவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு யார் பேரம் பேசுவது? பஸ்ஸில் அனுசுயாவின் நம்பரை எடுத்துப் பார்த்தேன். திட்டவா, நன்றி சொல்லவா? போனைப் பைக்குள் போட்டேன்.

ஆபீசுக்கு இன்று காலை இன்னொருத்தி வந்திருந்தாள். அவள் பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை.