காரணம் எழுதாத மூன்று விநாடி

கடைப் பின்னறையில் ஈயம் உருகும் மணம் வந்தால், நீதான் உள்ளே இருக்கிறாய் என்று ஒரு கணம் நம்பிவிடுகிறேன், மச்சான். இப்போது அங்கே இருப்பது சுதர்சினி. நீ கண்ணை மூடினபின் உன் கணினி நிரலைப் பார்க்க நான் பிடித்த ஆள். கெட்டிக்காரி.

படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டியை நீ செய்தாய், நான் விற்றேன். வாரத்தில் இரண்டு நாள் நீ இறக்கக்கண்டிக் கரைக்குப் போய்ப் படகுகளில் ஏறி இறங்குவாய். "கடலுக்க என்ன நிரல் கிடக்கு?" என்று நக்கலடிப்பேன். "மேசையில எல்லாம் ஓடும், முதலாளி" என்பாய். உனக்கு வேலை செய்யக் கள்ளம் என்றுதான் நினைத்தேன்.

மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்புகிற பூட்லோடரைச் சுதர்சினி துப்புரவாக்கினாள். நாம் விற்பதை நிறுத்திய பழைய போர்டுகளுக்கான வரிகள், இரண்டு தரம் எழுதிய வரிகள் எல்லாம் போயின. ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அண்ணை, இதில மூண்டு செக்கன் சும்மா நிக்குது. ஏனெண்டு எழுதேல்ல. எடுக்கட்டே?"

பெட்டி எழும்பச் சுணங்குது என்று வாங்குகிறவர்கள் முணுமுணுப்பது என் காதில்தானே விழும். "எடு பிள்ளை" என்றேன். மேசையில் பெட்டி உடனே எழும்பியது. இறக்கக்கண்டியில் ஒரு படகுக்குப் பூட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் விடிய அந்தப் படகு நாலு பேருடன் போனது. என் திரையில் அதன் புள்ளி வரவேயில்லை. பத்து மணிக்குக் காற்று மாறியது. ஒருவருடைய போனும் எடுபடவில்லை. படகுக்காரரின் மனைவி கடைக்கே வந்துவிட்டார்.

"பெட்டி இருக்கெண்டுதானே முதலாளி, பயமில்லாம விட்டனான்?"

வெறும் திரையைத் திரும்பவும் பார்த்தேன்.

அவர் போனதும் சுதர்சினி மெல்லக் கேட்டாள்: "படகில பெட்டிக்குத் தனிப் பற்றரியே?"

இல்லை. நம் ஆட்கள் ஒரே பற்றரியில், ஒரே சாவியைத் திருப்பித்தான் என்ஜினையும் பெட்டியையும் எழுப்புவார்கள். என்ஜின் எழும்ப இழுக்கும்போது பற்றரியில் மின்சாரம் சட்டென்று குறையும். அந்த நேரம் பெட்டி தன் நினைவகத்தில் எழுதப் போனால் எல்லாம் குழம்பி, பிறகு எழும்பாது. அது கடக்கும்வரைதான் நீ பெட்டியை மூன்று விநாடி பொறுக்க வைத்திருக்கிறாய். என் மேசையில் என்ஜின் ஏது?

பின்னேரம் வரைக்கும் கரையில் நின்றேன். கடலைப் பார்க்கவும் பயம், திரும்பி அந்த மனிசியைப் பார்க்கவும் பயம். படகு வந்து தட்டியதும் படகுக்காரர் சிரித்தார்.

"உங்கட பெட்டிதான் செத்தது முதலாளி, நாங்க சாகேல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியைக் கழற்றப் படகில் ஏறினேன்.

மூன்று விநாடியைத் திருப்பி வைத்து, காரணத்தையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். காரணம் தெரியாத வரிகள் இன்னும் பதினொன்று கிடக்கின்றன. "இது தேவையில்லைப் போல" என்று அவள் வாயெடுத்தாலே எழும்பிக் கரைக்குப் புறப்படுகிறேன். ஒவ்வொன்றையும் படகில் ஏற்றி, என்ஜினைப் போட்டுத்தான் பார்க்கிறோம். நாலு வருடம் உன் பக்கத்தில் இருந்தேன், மச்சான். "எப்ப முடியும்?" என்று கேட்டேன். "ஏன்?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.