உறை கிழிந்த பேட்டரி

அன்புள்ள ஆர்னெல்,

போனில் பேசிய பிறகும் எழுதுகிறேன், மன்னித்துவிடு. நீயும் அத்தையும் நலம்தானே?

உங்கள் புகைப் போட்டிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜோவெலின், உன் மெக்கானிக்கல் வேப் என்கிற மின்சிகரெட் குழாயின் பித்தளைத் திருகு மரைகளைத் துடைத்தாளாம். வோல்டேஜ் இழப்பு குறைந்து புகை பெருகியதாம். அந்த வேலை என்னுடையது அல்லவா?

நேற்று இங்கே மணிலாவில் நான் வேலை பார்க்கும் வேப் கடையில் ஒருவரின் பேட்டரி, உறை கிழிந்திருந்ததால், குழாய்க்குள்ளேயே கொதித்தது. அதை மணல் வாளியில் கொட்டினேன். "பட்டம் வாங்கின பொண்ணு, மணலை இப்படியா வாரி இறைப்பாங்க!" என்று முதலாளி குயா போங் சிரித்தார். எனக்கு ஒன்றுமில்லை.

ஜோவெலின் உனக்குப் பரிசளித்த பேட்டரியை, நீ அனுப்பிய படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்விளிம்பில் உறை கிழிந்திருக்கிறது. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் உன் குழாயில் கிடையாது. அதைப் போடாதே. பொறாமையில் மட்டும் சொல்லவில்லை.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன் ரோவேனா

இன்னொன்று: புகை குறைந்தாலும் பரவாயில்லை, நான் வரும்வரை அந்த மரைகள் அழுக்காகவே இருக்கட்டும்.