மழைக்குச் சாத்திய ஜன்னல்

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நாவல் முப்பதாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. டிராகன் செத்தாயிற்று. துணிதான் மூன்று நாளாக வாளியிலேயே ஊறுகிறது.

நேற்று பதிப்பாசிரியர் போன் செய்தார். "மேடம், கோட்டையில சூனியக்காரி மட்டும்தானே இருக்கா? மழை வந்தா ஜன்னல் சாத்தியிருக்குன்னு ஏழு இடத்துல வருது. யாரு சாத்துறா?"

மந்திரம் என்று சமாளித்தேன்.

"அவ மந்திரமெல்லாம் மூணாவது அத்தியாயத்துலயே போயிடுச்சே!"

இருபது வருடமாக நம் வீட்டில் எத்தனை மழை! எழுத்திலிருந்து நான் தலை நிமிர்ந்ததில்லை. ஒரு தாளும் நனைந்ததில்லை. போன வார மழையில் ஓர் அத்தியாயம் முழுக்க நனைந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன். சிரிக்காதீர்கள்.

கிளம்புகிற அன்று, "நான் வீட்டுல இருக்கறதாவது உனக்குத் தெரியுதா?" என்று கேட்டீர்கள். நான் ஒரு வரியின் நடுவில் இருந்தேன்.

அந்த ஏழு வரிகளையும் எடுத்துவிடச் சொன்னார் பதிப்பாசிரியர். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோட்டையில் இன்னொருவரும் இருக்கிறார் என்று முதல் அத்தியாயத்திலிருந்து திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கிண்டலாகக் கூப்பிடும்
எழுத்தாளரம்மா