பதினொரு சின்னக் கட்டைகள்

ஸவாலா,
மார்ச் 9

அன்புள்ள செலஸ்டினோவுக்கு,

ஒட்டிலியா எழுதுவது. நானும் மகள் லீனாவும் பட்டினி இல்லாமல் இருக்கிறோம். சுரங்கத்தில் நீங்களும் கை கால் முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி ஜெபம்.

நிலக்கடலை பிடுங்கியாயிற்று. மரவள்ளியில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. லீனாவுக்கு இருமல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதையெல்லாம்தான் கேட்டேன், சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றீர்கள். அதனால்தான் கடிதம். உறையை ஒட்டித்தான் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்காரரிடம் கொடுக்கிறேன். அறையில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

டிசம்பர் விடுப்பில் மரக்கட்டை ஒவ்வொன்றையும் செதுக்கி, தட்டிப் பார்த்து, நம் குழுவின் திம்பிலாக்களுக்குச் சுருதி சேர்த்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் வேன் ஏறிய பிறகு நடந்த முதல் ஒத்திகையிலேயே பிரச்சினை. கோலால் அடித்தால் பெரிய கட்டைகள் சரியாகப் பேசுகின்றன. மேலே சின்னக் கட்டைகளுக்குப் போனதும் கெட்டுவிடுகிறது. ஏழு சுரப் படியும் ஒரே உயரம் இருந்தால்தானே எங்கே தொடங்கினாலும் பாட்டு அதே பாட்டாக ஏறும்? இப்போது ஒரு படி குட்டை, ஒரு படி நெட்டை. பாடுகிறவர்கள் இடறுகிறார்கள். ஆட்டக்காரர் செஃபானியாஸ் ஆடுவதை நிறுத்திவிட்டு, "இது திம்பிலாவா, தகரக் கூரை மேல ஆடு நடக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் ஃபிலிமோன் மட்டும் சிரிக்கவில்லை.

பதினொரு கட்டைகள் கெட்டிருக்கின்றன. சுருதி சேர்த்தவர் தவிர வேறு யார் கத்தியும் படக்கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. உங்கள் காதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பழி நஃப்தால் மேல் விழுந்துவிட்டது. மரம் வெட்டி நெருப்பில் வாட்டித் தந்தது அவர்தானே. "சரியா வாட்டல. பச்சையா குடுத்துட்டான், அதான் காய்ஞ்சு திரிஞ்சுபோச்சு" என்று ஃபிலிமோன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பதினொரு கட்டையையும் சும்மா செய்து தர வேண்டும், அதுவரை குழுப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பு. அந்த மரம் இப்போது கிடைப்பதில்லை. காட்டில் வெட்டினால் பிடிக்கிறார்கள். இருந்தும் மனிதர் கோடாரியை எடுத்துக்கொண்டு போகிறார்.

போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, அண்ணன் செதுக்கும்போது நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. மரம் பச்சையாவா இருந்துச்சு? நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார்.

"எனக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும், நஃப்தால்?" என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குத் தெரியும். நீங்கள் கட்டையின் வயிற்றில் செதுக்கினீர்கள், தட்டினீர்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். பெரிய கட்டைகளுக்குப் பார்க்கவில்லை. சின்னவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் பார்த்தீர்கள். சுரம் இறங்கிவிட்டது, போதும் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் தலையை அசைத்து மறுத்தால், உங்கள் காது போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் பதினொரு தடவையும் சரி என்று தலையாட்டினேன். செதுக்கிய மரத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

பன்னிரண்டு வருடம் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்த காது அது. வருடா வருடம் உங்கள் காதில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள், தாளில் எழுதுகிறார்கள், தாளை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். காது நன்றாக இருந்தபோது உங்களை எடுத்துக்கொண்டார்கள். போய்விட்டது என்று நீங்களாக வாயைத் திறந்தால் பேருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு ஜெரமியாஸ் அப்படித்தான் வந்து சேர்ந்தார். இன்றைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

தப்பு மரத்தில் இல்லை என்று ஃபிலிமோனுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதினால், உங்கள் ஷிஃப்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் நான்கு பேருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு மேற்பார்வையாளருக்கு. எழுதாவிட்டால் நஃப்தால் காட்டில் பிடிபடுவார், இல்லை ஊரை விட்டே போவார். அவர் மனைவி கிணற்றில் என்னோடு பேசுவதில்லை. எதைச் செய்யுங்கள் என்று கெஞ்சுவது? இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதியும் எனக்குத் தெரியவில்லை. நானே போய்ச் சொல்லலாம் என்று ஃபிலிமோன் வீட்டு வாசல் வரை போய், உப்பு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கிறேன். சுரங்கத்துக்குள் பாறை இடிந்து விழுவதற்கு முன்னால் சத்தம் வரும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அவர் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். அந்த முகமாவது உங்களிடம் உண்மையாக இருக்கக் கடவுள் அருள் செய்யட்டும்.

உங்கள்
ஒட்டிலியா