அத்திப்பெட்டிக்கு அடியில்

மார்ச் 21

அத்திமரத்துக்குச் சுற்றிய சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை. இந்த ஊர்க் குளிரை நம்ப முடியாது. போகிற மாதிரி போய்த் திரும்பி வரும்.

கட்டடக் குழுவிலிருந்து கடிதம். பேத்தி ரூலா படித்துச் சொன்னாள். கீழ்வீட்டு மிஸஸ் தேயரின் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறதாம். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே என் மொட்டைமாடியில் அந்த மரம் நட்ட அத்திப்பெட்டி. வேர் தளத்தைத் துளைத்துவிட்டது, மரத்தை எடு என்கிறார்கள்.

“எங்க வீட்டு மாடி, எங்க மரம். அவங்க யாருடி சொல்ல?”

“யாயா, மாடி நம்மளோடதுதான். ஆனா அந்தத் தளம் கட்டடத்தோட கூரை. அவங்க சொன்னா கேட்டுத்தான் ஆகணும்.”

நாற்பத்தைந்து வருடம் நான் நடந்தது ஊரார் தலைமேல்தானாம்.

மார்ச் 25

இன்று எங்கள் கிரேக்க ஊர்த் திருநாள். உப்பிட்ட மீனை இரண்டு நாள் ஊறவைத்து, பொரித்து, பூண்டு அரைத்தேன். முதல் துண்டு எண்ணெயில் விழுந்ததும் கீழே ‘டப்’. மிஸஸ் தேயர் ஜன்னலைச் சாத்தினாள். வருடா வருடம் நடப்பதுதான்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். ஞாபகம் நிறைய. 1978, மே மாதம், செவ்வாய்க்கிழமை. இந்தக் கட்டடத்தில் வீடு வாங்க வேண்டுமானால் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். ஐந்து பேர், அதில் மிஸஸ் தேயரும் அவள் புருஷனும். காலமான என் வீட்டுக்காரர் பன்டேலிஸ் அன்று கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். மிஸஸ் தேயர் மார்பில் பச்சை வண்டு பதித்த ஊசி. அவள் கேட்டது ஒரே கேள்வி:

“உங்க சமையல் நெடி கீழ வருமா?”

சாப்பாட்டுக் கடைக்காரர் அல்லவா, பன்டேலிஸ் சிரித்துச் சமாளித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னும் சிரிக்கவில்லை.

மூன்று பேர் கை தூக்கினார்கள், இரண்டு பேர் தூக்கவில்லை. உள்ளே வந்தோம்.

மார்ச் 28

என்ஜினியர் வந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அகிமும் கூட வந்தான். மரத்தை ஒருமுறை, தளத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

“இவ்ளோ பெரிய மாடிக்கு ஒரே ஒரு வடிகால்தானா? பழைய வரைபடம் இருக்கா?”

“பேஸ்மென்ட்ல தண்ணி பூந்தப்போ எல்லாம் ஊறிப் போச்சு சார்” என்றான் அகிம்.

நான் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 29

வடிகால் இரண்டு. இரண்டாவது, அத்திப்பெட்டிக்கு அடியில்.

எழுதியாகிவிட்டது. காகிதத்திடம் சொன்னால் சத்தியம் மீறியதாகுமா?

நாங்கள் வந்த வருடம் அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. மிஸஸ் தேயர் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் வின்ஸ்லோ மேலே வந்தார். மழை பெய்தால் அந்த வடிகால் குழாய் அவர் படுக்கைச் சுவருக்குள் களகளவென்று சத்தம் போடும். கொரியாவில் சண்டைக்குப் போய் வந்த மனிதர். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. குழுவிடம் கேட்டால் அடைக்க விடமாட்டார்கள். இரண்டு ஆம்பிளைகளும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வடிகால் வாயை அடைத்து, சிமெண்ட் பூசி, ஓடு பதித்து, மேலே பெட்டியை வைத்தார்கள்.

“அன்னிக்கு மூணாவதா தூக்கின கை அவரோடது, ஃபோதினி” என்றார் பன்டேலிஸ். “யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

விடவில்லை.

ஏப்ரல் 2

புதன்கிழமை தண்ணீர் கட்டிப் பார்க்கப் போகிறார்கள். கீழே ஒழுகினால் சனிக்கிழமை ரம்பம்.

சொன்னால் மரம் பிழைக்கும். சொல்லாவிட்டால் வாக்கு பிழைக்கும். எனக்கு ஏன் இரண்டும் கிடையாது?

ஏப்ரல் 5

அகிம் வடிகாலை அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, பச்சைச் சாயம் கலந்தான். மாடி முழுக்கப் பச்சைக் குளம். நடுவே சாக்கு கட்டிய என் மரம்.

இரண்டு மணிக்கு மிஸஸ் தேயர் தடியை ஊன்றி மேலே வந்தாள். இந்த வீட்டு வாசலில் அவள் கால் படுவது இதுதான் முதல் தடவை.

“என் சுவரெல்லாம் பச்சை. மரம் போகணும் மிஸஸ் கர்தாமிலாஸ்.”

“காரணம் மரம் இல்ல.”

“பின்ன?”

பன்டேலிஸின் முகம் கண்முன் வந்தது. சனிக்கிழமை ரம்பமும் வந்தது. சொல்லிவிட்டேன். வடிகால், அவர் தூக்கம் கெடுத்த சத்தம், சிமெண்ட், ஞாயிற்றுக்கிழமை எல்லாம். வாய் திறந்த வேகத்தில் அந்தக் கையையும் சொன்னேன்.

“நீங்க வேண்டாம்னீங்க. உங்க வீட்டுக்காரர் எங்களுக்காகக் கை தூக்கினார்.”

அவள் முகம் வெளுத்தது. நாற்பத்தைந்து வருடம் நான் பார்க்கக் காத்திருந்த முகம். பார்த்தும் எனக்கு இனிக்கவில்லை.

“சீட்டெழுதித்தானே போட்டோம்! யார் கை தூக்கினா?”

கையா, சீட்டா?

“செத்தவங்க மேல பழி போடறது சுலபம்” என்றாள். “சனிக்கிழமை பெட்டியை நகர்த்தட்டும். கீழ வடிகால் இல்லைன்னா, அப்பவே வெட்டச் சொல்வேன்.”

ஏப்ரல் 6

சீட்டுதான். மடித்த வெள்ளைச் சீட்டு, வெள்ளிக் கிண்ணம். இப்போது தெரிகிறது. அப்போ நான் பாத்த கை? பன்டேலிஸ் சொன்ன கைதானா? அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை நான் கண்ணால பாத்ததா வச்சுக்கிட்டேனே... இது தப்புன்னா வடிகாலும் தப்பா? கலக்கின சிமெண்டை இந்தக் கையாலதானே கொண்டுபோய்க் கொடுத்தேன்? கொடுத்தேனா? ஐயோ, வாயைத் திறந்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 7

சாப்பிடவில்லை. உபவாசம் என்று ரூலாவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 8

நான்கு பேர் கடப்பாரை போட்டுப் பெட்டியை நகர்த்தினார்கள். அடிப்பலகை உளுத்து உதிர்ந்தது. வேர்கள் பெட்டிக்குள்ளேயே சுருண்டிருந்தன, பாவம், வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. ஓடுகள் எல்லாம் ஒரே மாதிரி. என்ஜினியர் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் தட்டினார். மிஸஸ் தேயர் நாற்காலியில் உட்கார்ந்து தடியைப் பிடித்திருந்தாள். ரம்பம் சுவரோரம் சாய்ந்திருந்தது.

“இடது பக்கம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

இடது பக்கம் உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வந்தது. உடைத்தார்கள். வெடித்துப்போன சிமெண்ட். அதற்குக் கீழே இரும்பு வாய். வாய்க்குள் திணித்திருந்த துணியை அகிம் இழுத்தான், இழுத்தான், வந்துகொண்டே இருந்தது. நீலக்கோடு போட்ட பைஜாமா, ஒரு கால்.

மிஸஸ் தேயர் கையை நீட்டினாள். அகிம் தயங்கினான். “அழுக்கும்மா அது.”

“குடு.”

மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவரோட பைஜாமாவைச் சலவைக்காரன் தொலைச்சுட்டான்னு கத்தினேன். அந்த ஆளை மாத்திட்டேன்கூட.” பிறகு அகிமிடம்: “அந்த ரம்பத்தை எடுத்துட்டுப் போ.”

என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 19

புதுப் பெட்டி, தெற்கு மூலை. சாக்கை அவிழ்த்தாயிற்று. துளிர் இல்லை.

ஏப்ரல் 30

காலையிலிருந்து மழை. வடிகால் இரண்டும் திறந்து ஓடுகின்றன. அத்தியில் இரண்டு பச்சை நுனி, கண்ணாடி போட்டுப் பார்த்தால் மூன்று.

பகல் சமையலுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் போன் அடித்தது. சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

“சுவருக்குள்ள சத்தம் வருது” என்றாள் மிஸஸ் தேயர்.

“வரும். வடிகால் திறந்தா வரத்தான் செய்யும்.”

“இதுதானா அது?”

“இதுதான்.”

போனைச் சுவரில் வைத்தாள் போலிருக்கிறது. என் மாடி மழை அவள் சுவருக்குள் இறங்கிப் போவது என் காதில் கேட்டது. களகள, களகள. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அந்த மனுஷன்” என்றாள்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

“மீன் பொரிக்கறேன்” என்றேன். “ஜன்னலைச் சாத்திக்கங்க.”

மேல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய், கைப்பிடிச்சுவரில் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

அவள் ஜன்னல் திறந்தேதான் இருந்தது. மழையில்.