சட்டைப் பைக்குள் போன உன் கை

நாலாக மடித்த தாள் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை உன் மனைவி கொண்டுவந்தது. மடிப்பெல்லாம் வேர்வையில் ஊறி மை கலங்கியிருக்கிறது. நான்கே வரிதான். அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல வாரியத்தில் உதவி கேட்பதற்கு, நீ நம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாய் என்று போர்மேன் கையெழுத்து வேண்டுமாம். அதற்காக வந்திருந்தாள். ஜவுளிக்கடைப் பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதம். உன் வாரியக் கார்டைத் தேடி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது இந்தத் தாள் வந்தது. 'போர்மேன் அவர்களுக்கு' என்று மேலே எழுதியிருந்தது.

"இவருக்குக் குடலில் புண் ஏற்படும் நீண்டகால நோய் உள்ளது. பிறருக்குத் தொற்றாது. வேலை செய்ய முடியும். கழிப்பறைக்குப் பக்கத்தில் வேலை கொடுத்து, தேவைப்படும்போது போய்வர அனுமதிக்கவும்."

"ஏம்மா, இத அப்பவே எங்கிட்டக் காட்டியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"காட்டத்தாண்ணே கொண்டாந்தாக. நீங்க அவுகள வெளிய அனுப்புன அன்னைக்கு இது சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அண்ணன் வாசிக்கணும்னு டாக்டர்ட்டக் கெஞ்சித் தமிழ்ல எழுதி வாங்குனாக."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் உட்கார முடியவில்லை.

நான் எதற்குப் பயந்தவன் என்று உனக்குத் தெரியும். எங்கே வெடித்தாலும் போலீஸ் முதலில் தேடுவது போர்மேனைத்தான். வாசலில் வாட்ச்மேன் எல்லோரையும் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகும் எனக்கு நிம்மதி கிடையாது. வேறு இடத்தில் ஒருவன் அடிக்கடி கக்கூசுக்குப் போனால் வயிறு சரியில்லை என்பார்கள். நம் இடத்தில், ஒளித்து வைத்த பீடியைக் குடிக்கப் போகிறான் என்போம்.

நீ ஒரு காலைக்குள் நாலைந்து தடவை போவாய். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏலே, அங்கன என்ன வெள்ளாமையா போட்டிருக்க, அம்புட்டுத் தடவ பாத்துட்டு வாற?" என்பேன். உன் அறையில் இருக்கும் மற்ற மூவரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். காலைக் கழுவி, உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, வெடிமருந்து அடைக்க உட்காருவாய். உன் கை வேகத்துக்கு அந்த வரிசையிலேயே ஆள் கிடையாது. அதனால்தான் அத்தனை நாள் விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொன்றாகப் புரிகிறது. தாயில்பட்டியிலிருந்து எல்லோரும் கம்பெனி வேனில் வர, நீ மட்டும் சைக்கிளில் வந்தாய். திமிர் என்றேன். பெண்கள் நிறைந்த வேனை வழியில் நிறுத்தச் சொல்ல உனக்குக் கூச்சம். மதியம் உன் தூக்குவாளிச் சோற்றைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவாய். "காலையிலயே கூடுதலாத் தின்னுட்டேண்ணே" என்பாய். காலையிலும் நீ தின்றதில்லை என்று உன் மனைவி சொல்கிறாள். வயிறு காலியாக இருந்தால் எழுந்து போக வேண்டியிருக்காது என்று பட்டினி கிடந்திருக்கிறாய். ஒட்டிப்போன உன் கன்னத்தைப் பார்த்து நான் குடி என்று முடிவு கட்டினேன்.

ஒரு தடவை நீயே வாய் திறந்தாய். "ரத்தமாப் போகுதுண்ணே" என்றாய். "மூலமா இருக்கும்லே, மோரக் குடி" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன்னை வெளியே அனுப்பிய அன்றைக்குத் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. காலையில் கக்கூசுக்குப் பின்னால் ஒரு பீடித்துண்டு கிடந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து நீ அங்கிருந்து வந்தாய். "பீடி குடிச்சியாலே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ சட்டைப் பைக்குள் கையை விட்டாய். வெடிமருந்து அறை பத்தடி தூரத்தில் இருந்தது. தீப்பெட்டியைத்தான் எடுக்கப் போகிறாய் என்று பாய்ந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். "எடுக்காதலே, இங்கன வச்சு எடுக்காத" என்று கத்திக்கொண்டே இழுத்துப்போய், கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டினேன். "அண்ணே, ஒரு நிமிசம்" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பையில் கை விட்டதைத்தான் இரண்டு வருடமாக எல்லோரிடமும் சாட்சியாகச் சொன்னேன். சாத்தூரில் நீ வேலை கேட்டுப் போனபோது அங்கிருந்த போர்மேன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பீடி என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்கவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் அச்சகத்தில் சேர்ந்தாய். அங்கே அடிக்கடி எழுந்து போகிறாய் என்று நிறுத்திவிட்டார்களாம். பிறகு நீ வீட்டோடு கிடந்தாய். வேலை செய்ய முடியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஆள் நீ.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னை வெளியேற்றி ஒரு மாதம் கழித்து, அதே இடத்தில் மறுபடியும் ஒரு பீடித்துண்டு கிடந்தது. செருப்பால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. குடலில் ஓட்டை விழுந்து மதுரையில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நீ போய்ச்சேர்ந்தாய். உன்னைத் தூக்கும்போது, "பீடியும் குடியும் சேந்தா இப்பிடித்தான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். இதைச் சொன்ன வாய் என்னுடையதுதானா என்று இப்போது திகைப்பாக இருக்கிறது.

கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகும் உன் மனைவி கிளம்பவில்லை. "உதவி வந்தா வருது, வராட்டிப் போகுதுண்ணே. அவுக பீடி குடிக்கலன்னு அங்கன எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருவீகளா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கும் முன்னால் எல்லோரையும் நிறுத்தி இந்தத் தாளை வாசித்தேன். நான் மண்ணில் மூடிய துண்டையும் சொன்னேன். அவனுக்கு இருந்தது நோய், நான்தான் தப்பு செய்தேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள்.

சரவெடி பின்னும் பெண் ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். "அண்ணே, எனக்கும் ஒரு வருசமா ரத்தமாப் போகுது. அதுதானா என்னன்னு தெரியல" என்றாள்.

"ஒரு வருசமா ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"அந்த அண்ணன நீங்க இழுத்துட்டுப் போனத நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வேலை எங்கேயும் போகாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் இன்னும் சொல்லிக்கொண்டே பக்கத்தில் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள். இத்தனை வருடம் போர்மேனாக இருந்து நான் சம்பாதித்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். பேசி முடிக்கும்வரை அவள் என் கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்றாள்.